பரங்கி, பூசணி: அறுப்பும் விற்பனையும்

கொல்லையில் விளைகிற காய்களில் பெரும்பாலானவை நம்மை அவசரப்படுத்துபவை. வெண்டையை இரண்டு நாள் விட்டால் நாராகிவிடும். கத்திரியை விட்டால் விதை தட்டும். கீரை மாலைக்குள் வாடிவிடும். அதனால் கடைக்காரர் சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். பரங்கிக்காய்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. நன்றாக முற்றவிட்டு, காம்போடு வெட்டி, நிழலில் ஆறப்போட்டால் இரண்டு மூன்று மாதம் வீட்டிலேயே கெடாமல் கிடக்கும். சாம்பல் பூத்த பூசணியும் அப்படித்தான். எப்போது விற்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். இந்த வசதியைக் கெடுத்துக்கொள்ளாமல் அறுப்பது எப்படி, அதைக் காசாக்குவது எப்படி என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகிறேன்.

மந்தாரக்குப்பத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில், நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தை ஒட்டி இருக்கும் ஊர். கங்கைகொண்டான் பேரூராட்சியைச் சேர்ந்தது. ஒரு பக்கம் மாதச் சம்பளக்காரர்கள் வாழும் நகரியம், இன்னொரு பக்கம் முந்திரியும் பலாவும் நிற்கும் செம்மண் கிராமங்கள். நிலம் சுரங்கத்துக்குப் போய், மனையும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கொல்லையும் மட்டும் மிஞ்சிய குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. ஏக்கர் கணக்கில் பயிர் வைக்க அவர்களால் முடியாது. பத்துக் குழி பரங்கி வைக்க முடியும். அந்தப் பத்துக் குழியிலிருந்து ஒரு காய்கூட வீணாகக் கூடாது என்பதே என் அக்கறை.

நாளைப் பார்த்து விதை

விற்பனை விதைக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. நம் பக்கத்தில் பரங்கிக்கு ஆண்டின் பெரிய நாள் தைப்பொங்கல். பொங்கல் குழம்புக்கும் கூட்டுக்கும் பரங்கி இல்லாத வீடு அபூர்வம். போகிக்கு முந்தின மூன்று நாட்களில் விற்பதைப் போல வேறெப்போதும் விற்காது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகத்துக்கு வயது ஏறக்குறைய 175 நாள். காய் ஏழெட்டுக் கிலோ வரும். கோ 2 ரகம் 135 நாளில் முடிந்துவிடும். காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோதான். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சந்தன் இரண்டு மூன்று கிலோ காய் தரும். ஆடி முதல் வாரத்தில் கோ 1 போட்டால் கடைசிக் காய் பொங்கலுக்குச் சரியாக வந்து நிற்கும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் இந்த ஊரில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது பொங்கலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. புயல் வராத ஆண்டிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தரையில் கிடக்கிற காயின் அடிவயிறு அழுகும். ஆகவே ஆடியில் கோ 2 போன்ற குறைந்த வயது ரகத்தைப் போடுங்கள். காய்கள் கார்த்திகைக்குள் முற்றிவிடும். அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து பொங்கல் வரை வைத்திருங்கள். கொடியில் காத்திருப்பதைவிட திண்ணையில் காத்திருப்பது காய்க்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

கோ 2 தேர்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய குடும்பம் சிறியது. ஏழு கிலோ காயை முழுசாக வாங்க ஆளில்லை; கீற்றுப் போட்டுத்தான் விற்க வேண்டும். ஒன்றரைக் கிலோ காயை ஒரே வீட்டார் முழுசாக எடுத்துப் போவார்கள். வெட்டாத காய் விற்காவிட்டாலும் மறுநாளுக்கு இருக்கும்.

எவ்வளவு கிடைக்கும்? கோ 2 ஹெக்டேருக்கு 23 முதல் 25 டன் வரை விளையும் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. இரண்டு மீட்டருக்கு ஒரு குழி என்றால் ஹெக்டேருக்கு 2,500 குழி. குழிக்குப் பத்துக் கிலோ, அதாவது ஐந்தாறு காய். பத்துக் குழிக்கு நூறு கிலோ. வீட்டுக் கொல்லையில் நிழலும் விழும், கோழியும் கிளறும். அதில் பாதிக்கு மேல் வந்தாலே நல்ல விளைச்சல். ஐம்பது கிலோவை விற்கத் திட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கூடுதலாக வந்தால் மகிழ்ச்சி.

பூசணிக்கு நாள் வேறு: ஆயுத பூஜை. இதை மந்தாரக்குப்பத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கமும் அனல்மின் நிலையமும் பட்டறைகளும் லாரிகளும் நிறைந்த ஊரில் அன்று எல்லா வாசலிலும் ஒரு பூசணி வேண்டும். வைகாசியில் விதைத்துத் தண்ணீர் கட்டினால் புரட்டாசிக்குள் காய் சாம்பல் பூத்துவிடும். நவராத்திரி ஓர் ஆண்டு செப்டம்பர் கடைசியில் வரும், ஓர் ஆண்டு அக்டோபர் பாதிக்கு மேல் போகும். நன்றாக முற்றிய காய் இந்த முன்பின்னுக்கெல்லாம் காத்திருக்கும்.

இந்த இரண்டு பெரிய நாட்களுக்கு நடுவே மாதாமாதம் அமாவாசை இருக்கிறது. படையல் சமையலுக்கு வாழைக்காயோடு பரங்கியோ பூசணியோ கேட்பவர்கள் முந்தின நாள் மாலையே கடைக்கு வந்துவிடுவார்கள். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளுக்குக் கேட்பு இன்னும் கூடும். நாட்காட்டியில் அமாவாசைக்கு முந்தின நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.

முற்றியதா என்று பார்ப்பது

பூ விரிந்து காய் பிடித்ததிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆக வேண்டும். பிஞ்சு பிடித்த நாளை ஒரு துண்டு அட்டையில் எழுதிக் கொடியில் கட்டிவிட்டால் பிறகு ஊகிக்க வேண்டியிருக்காது.

நாள் கணக்கோடு காயையும் பாருங்கள். முதலில் காம்பு. பச்சையாக, சாறோடு இருந்தால் விட்டுவிடுங்கள். காம்பு வெளுத்து, தக்கை போலக் காய்ந்து, நெடுக வரி ஓடியிருக்க வேண்டும். அடுத்து தோல். பெருவிரல் நகத்தால் அழுத்தினால் நகம் இறங்கக் கூடாது. பச்சை மங்கி, பளபளப்புப் போய், மஞ்சளோ பழுப்போ ஏறியிருக்கும். காயை மெல்லத் திருப்பி அடியைப் பார்த்தால், தரையில் பட்ட இடம் வெள்ளையாக இல்லாமல் நல்ல மஞ்சளாகியிருக்கும். இவற்றில் ஒன்றை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். தட்டிப் பார்த்து ஓசையை வைத்துச் சொல்கிறவர்கள் உண்டு, அது கைப்பழக்கம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நகத்தையும் காம்பையும் நம்பலாம்.

பூசணிக்கு அடையாளம் அதன் சாம்பல்தான். பிஞ்சில் தோல் முழுக்கச் சுனை இருக்கும், கையில் குத்தும். முற்ற முற்றச் சுனை உதிர்ந்து வெள்ளைப் பூச்சு ஏறும். காய் முழுக்கச் சாம்பல் பூத்த பிறகு வெட்டினால் நீண்ட நாள் இருக்கும்.

பிஞ்சாகவும் பறிக்கலாம். பால் கூட்டுக்கு இளம் பரங்கி தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்; ஒரு கொடியில் காய் அதிகமாகப் பிடித்திருந்தால் இரண்டைப் பிஞ்சிலேயே எடுத்துவிட்டால் மற்றவை பெருக்கும். ஆனால் பிஞ்சை வைத்திருக்க முடியாது. கேட்டவருக்குச் சொல்லிவைத்து, காலையில் பறித்து, அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.

பூச்சி மருந்து அடித்திருந்தால், டப்பாவில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் காயில் கைவைக்க வேண்டாம். வீட்டுக் கொல்லைக்கு மருந்தே தேவைப்படாமல் பார்த்துக்கொள்வது மேல். பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றைப் பூக்கும் பருவத்திலேயே தொங்கவிட்டு, ஈ குத்தி அழுகிய பிஞ்சுகளை அன்றன்றே பொறுக்கிப் புதைத்தால் பாதிக் கவலை தீரும்.

வெட்டுவது, தூக்குவது, ஆறவைப்பது

மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு, காலைப் பனி உலர்ந்ததும் வெட்டுங்கள். கையால் முறுக்கிப் பிய்க்கவே கூடாது. கூரான கத்தியால், காயோடு நான்கு விரல் நீளக் காம்பு நிற்கும்படி அறுக்க வேண்டும். காம்பு பிய்ந்த இடம் திறந்த புண். அழுகல் அங்கேதான் தொடங்கும். காம்பில்லாத காயை ஒரு வாரத்துக்குள் விற்றுவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காம்போடு உள்ளது பொங்கலைப் பார்க்கும்.

இத்தனை கவனமாக விட்ட காம்பையே பிடி என்று நினைத்துத் தூக்குகிறவர்கள் ஏராளம். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல அடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்குங்கள். கூடையில் போடும்போது வைக்கோலோ பழைய சாக்கோ விரித்து, ஒன்றின் காம்பு இன்னொன்றின் தோலைக் கீறாதபடி அடுக்குங்கள். கீழே விழுந்த காய் அன்று ஒன்றும் ஆகாததுபோலத் தெரியும். பத்து நாள் கழித்து அந்த இடம் உள்ளே கனிந்து நீர் விடும். விழுந்ததைத் தனியாக வைத்து வீட்டுச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய காயை நேரே மூலையில் குவிக்கக் கூடாது. ஏழு முதல் பத்து நாள் வரை, காற்றோட்டமுள்ள நிழலில், ஒன்றை ஒன்று தொடாமல் பரப்பி ஆறவைக்க வேண்டும். இந்த நாட்களில் தோல் இறுகும், சிறு கீறல்கள் ஆறும், காம்பு முழுக்கக் காயும். மேல்நாட்டில் இதற்கு அறையைச் சூடாக்குகிறார்கள். நமக்கு 27 முதல் 30 டிகிரி வெப்பம் திண்ணையிலேயே கிடைக்கிறது. நேர் வெயில் மட்டும் ஆகாது, தோல் வெந்துவிடும்.

சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊர் என்பதால் காயின் மேல் தூசி படியும். தூசி படிந்த காய் பழங்காய் போலத் தெரியும். விலை குறைத்துக் கேட்பார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பரங்கியை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுவியே ஆக வேண்டுமென்றால் விற்கும் நாள் காலையில் கழுவுங்கள். பூசணியைத் துடைக்கவும் வேண்டாம். அந்த வெள்ளைப் பூச்சுதான் அதற்குக் காவல். திருஷ்டிக்கு வாங்குகிறவர்களும் கைபடாத சாம்பலோடு இருப்பதைத்தான் பொறுக்குவார்கள்.

வைத்திருக்கும் இடம்: வெறும் சிமென்ட் தரை வேண்டாம். வைக்கோல், பலகை, சாக்கு எதுவானாலும் ஒரு விரிப்பு வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஒரே வரிசை. அந்தக் காலத்தில் உறி கட்டி விட்டத்தில் தொங்கவிட்டார்கள். காற்றும் கிடைத்தது, எலியும் அண்டவில்லை. ஓட்டு வீடு இருந்தால் இன்றும் அதற்கு இணையான முறை இல்லை. பழுக்கவைத்த வாழைத்தார் பக்கத்தில் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் வாயு காயைச் சீக்கிரம் கெடுக்கும். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் எடுத்து அடியைப் பாருங்கள். மெத்தென்று ஒரு புள்ளி தெரிந்தால் அந்தக் காயை அன்றே வெளியேற்றிவிட வேண்டும்.

வைத்திருப்பதில் லாபம் விலையில் மட்டும் இல்லை. அறுத்த பிறகு சில வாரங்கள் காயிலுள்ள மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாக மாறிக்கொண்டிருக்கும். ஒரு மாதம் இருந்த பரங்கி அன்று அறுத்ததைவிட இனிக்கும். வாங்குகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். பழைய காயா என்று கேட்கிறவருக்கு இதுவே சரியான பதில்.

எங்கே விற்பது

முதல் வாடிக்கையாளர் பக்கத்து வீடு. அடுத்தது தெரு, பிறகு உடன் வேலை பார்ப்பவர்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் காய் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார்கள். நகரியத்தில் இருப்பவர்களுக்கு வட்டத்துக்கு வட்டம் வாட்ஸ்அப் குழு இருக்கும்; காயின் படம், எடை, விலை, எடுத்துக்கொள்ளும் நேரம் நான்கையும் ஒரே செய்தியில் போட்டுவிட்டால் பத்துக் காய் ஒரு மாலையில் போய்விடும். ஐம்பது கிலோ உள்ள வீட்டுக்கு இதுவே போதுமான சந்தை. போக்குவரத்துச் செலவில்லை, தரகில்லை.

கடைவீதியில் காய்கறிக் கடைக்குப் போட நினைத்தால், பொங்கலுக்குப் பத்து நாள் முன்பே போய்ப் பேசுங்கள். மூட்டையோடு போய் நின்று பேசாதீர்கள். திரும்பத் தூக்கிப் போக மாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரே ஒரு காயைக் கையில் கொண்டுபோய், வெட்டி உள்நிறத்தைக் காட்டுங்கள். ஆழ்ந்த ஆரஞ்சு நிறச் சதைதான் பரங்கியை விற்கும். எத்தனை காய், என்றைக்கு, பணம் கையிலா மறுநாளா, கழிவு எவ்வளவு பிடிப்பார் என்பதை எல்லாம் அப்போதே பேசி முடியுங்கள். சிறு கடைக்காரரும் உங்களைப் போலத்தான் நாள் வருமானத்தில் ஓடுகிறவர். ஒருமுறை ஒழுங்காகக் கொடுத்தால் அடுத்த ஆண்டு அவரே கேட்டு வருவார்.

மெஸ்காரர்களும் கல்யாணச் சமையல்காரர்களும் நல்ல வழி. சாம்பாருக்கும் மோர்க்குழம்புக்கும் பூசணி, கூட்டுக்குப் பரங்கி என்று எடை கணக்கில் எடுப்பார்கள். அவர்களுக்குப் பெரிய காய்தான் வசதி, தோல் சீவும் வேலை குறையும். மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் இருக்காது. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கும். பொங்கலுக்கு விற்காமல் நின்றதை அப்போது கொடுக்கலாம்.

உழவர் சந்தையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறக்கப்பட்டது. தரகர் இல்லாமல் விவசாயியே விற்பதுதான் நோக்கம். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 விழுக்காடு கூடுதலாக, கடை விலையைவிட 15 விழுக்காடு குறைவாக அன்றன்றைக்கு விலை வைப்பது வழக்கம். கடைக்கு வாடகை இல்லை. தராசும் அங்கேயே கொடுப்பார்கள். ஆனால் அடையாள அட்டை வேண்டும்; அதற்கு நிலப் பதிவு கேட்பார்கள், அதிகாரி வந்து பயிரையும் பார்ப்பார். சொந்தப் பட்டா நிலத்தில் அரை ஏக்கராவது வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்குங்கள். நகரியக் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் விளைவிப்பவர்களுக்கு நிலம் தம் பெயரில் இல்லை. அவர்களுக்குத் தெருவும் வாட்ஸ்அப்பும்தான் சரி. பத்துக் காய்க்காகப் பேருந்து ஏறிப் போவது யாருக்குமே கட்டாது.

மண்டிக்கு ஏற்றுவதை நான் பரிந்துரைக்கவில்லை. ஏலத்தில் விலை உங்கள் கையில் இல்லை. வரத்து மிகுந்த நாளில் பரங்கி, பூசணி இரண்டும் வண்டி வாடகைகூடத் தேறாத விலைக்கு விழும். காத்திருக்கத் தெரிந்த காயை, காத்திருக்க முடியாத சந்தைக்குக் கொண்டுபோவானேன்?

ஆயுத பூஜைக்குப் பூசணி விற்கும்போது, குங்குமத்தோடு உடைத்த காயை ஓரமாக அள்ளிப் போடச் சொல்லிக் கொடுங்கள். சாலை நடுவே சிதறிக் கிடக்கும் சதையில் சறுக்கி இருசக்கர வண்டிக்காரர்கள் விழுகிறார்கள். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர் இது.

வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் இன்றும் பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். தைப்பூசத்துக்குச் சுற்றூர்களிலிருந்து அரிசியும் காய்கறியும் போகும். பொங்கல் விற்பனை முடிந்த பிறகு வரும் நாள் அது. விளைச்சல் நன்றாக இருந்தால் நல்ல காயாக இரண்டை அதற்கென்று ஒதுக்குங்கள். விற்காமல் நின்றதைத் தள்ளிவிடும் இடமாக அதை நினைக்க வேண்டாம்.

விலையும் கீற்றும்

விலை வைக்கும் முறை எளிது. அன்று காலை கடைவீதியில் மூன்று கடைகளில் கிலோ என்ன விலை என்று கேளுங்கள். நடுவில் உள்ள விலையிலிருந்து இரண்டு மூன்று ரூபாய் குறைத்து வையுங்கள். கடைக்குப் போடுவதானால் அதே விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்காதீர்கள். பொங்கலன்று விலை ஏறும் என்பதற்காகத் தெருவில் உள்ளவரிடம் கடையைவிடக் கூடுதலாகக் கேட்காதீர்கள். அவர்கள்தான் ஆடி அமாவாசைக்கும் வரப்போகிறவர்கள்.

எடைக்குப் பதிலாகக் காய்க்கு இவ்வளவு என்றும் விற்கலாம். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று வரிசை வைத்தால் பேரம் குறையும். தராசு வைத்தால் முத்திரை போட்ட தராசாக இருக்கட்டும்.

பெரிய காயைக் கீற்றுப் போட்டு விற்பதில்தான் கிலோவுக்குக் கூடுதல் காசு. ஆனால் வெட்டிய நொடியிலிருந்து காய் காத்திருக்காது. ஈரமில்லாத கத்தி, ஈரமில்லாத பலகை. நீளவாக்கில் கீற்றுப் போட்டு, விதையையும் நாரையும் வாங்குகிறவர் கேட்டால் மட்டும் எடுங்கள். ஒரு காய் விற்று முடியாமல் அடுத்ததை வெட்டாதீர்கள். வெட்டியதும் ஒரு சிறு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயை முழுசாக எறியுங்கள். விற்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். கசக்கிற பரங்கியில் வயிற்றைக் கெடுக்கும் நச்சு இருக்கிறது, கொதித்தாலும் போகாது. அதன் விதையையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

பூ, கீரை, விதை

மார்கழி முழுக்கக் கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையார் மேல் வைக்கப் பரங்கிப்பூ தேடுவார்கள். ஐப்பசி தொடக்கத்தில் மேட்டுப் பாத்தியில் இரண்டு குழி போட்டுவைத்தால் மார்கழிக்குப் பூ இருக்கும். நீண்டு மெலிந்த காம்புள்ள ஆண் பூவை மட்டும் விடியலில் பறியுங்கள். அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ, அதில் கைவைத்தால் ஒரு காய் போயிற்று. ஆண் பூவையும் துடைத்துப் பறித்துவிடாமல் கொடிக்கு நாலைந்து விடுங்கள், வண்டு வந்து போக வேண்டும். இளம் கொழுந்தைக் கீரையாகப் பொரிக்கலாம். விலைக்குப் பெரிதாகப் போகாது, வீட்டுக்கு ஆகும்.

விதைக்கென்று வைக்கும் காயைக் கடைசியில் மிஞ்சியதிலிருந்து எடுக்காதீர்கள். நோயில்லாத கொடியில் முதலில் முற்றிய, சதை நிறம் நல்ல காயே விதைக்காய். அறுத்த பிறகு மூன்று வாரமாவது வைத்திருந்து விதை எடுத்து, நாரைக் கழுவி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். இரண்டாக ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். அடுப்புச் சாம்பலில் பிரட்டி, மூடியுள்ள டப்பாவில் ரகம், எடுத்த மாதம் எழுதி வையுங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையிலிருந்து வந்த காயாக இருந்தால் இந்த வேலை வேண்டாம். அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு மாதிரி காய்க்கும். பக்கத்துக் கொல்லையில் வேறு பரங்கி ரகம் இருந்தாலும் வண்டு மகரந்தத்தைக் கலந்துவிடும். அப்படி இருந்தால், மறுநாள் விரியப்போகும் பெண் பூ ஒன்றையும் ஆண் பூ ஒன்றையும் மாலையிலேயே நூலால் கட்டிவிட்டு, காலையில் பிரித்துக் கையால் மகரந்தம் தடவி, பெண் பூவைத் திரும்பக் கட்டிவிடுங்கள். அந்தக் காயின் காம்பில் ஒரு சிவப்புத் துணி கட்டிவைத்தால், விற்பனை மும்முரத்தில் அதை யாரும் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள்.